சினிமாக்காரன் பெண்டாட்டி

1951 அக்டோபர் 4, வியாழன்

இன்று அயிலை. வடசேரி சந்தையில் பத்து மணிக்குள் கடவப்பெட்டி காலி. தேங்காய்க் கடை நாராயணபெருமாள் அண்ணாச்சி செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "இது நேத்து செத்ததா, முந்தாநேத்து செத்ததா?" என்று கேட்டார். "தெரியாது அண்ணாச்சி, அதுக்க கேத வீட்டுக்கு நான் போகல்ல" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவர் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பும்போது தமுக்கு அடித்துக்கொண்டு ஒரு வில்வண்டி வந்தது. டூரிங் கொட்டகை நோட்டீஸ். பச்சைத் தாள். ஒன்று வாங்கிப் படித்தேன்: "முத்துவதனி அல்லது கடல் கொண்ட காதல். நாளை முதல். இருபத்தேழு பாட்டுகள்."

கிரேசி என்னோடு மீன் சுமக்கிறவள். வாயில் பூட்டு கிடையாது. "ஏட்டி கிளாரா, இது உன் மாப்பிள்ள ஓடிப்போன கம்பெனி படமாக்குமே!" என்றாள்.

"ஆமாட்டி. அவுருக்கு ராசா வேசம். வெஞ்சாமரம் வீச உன்னக் கேட்டாவ" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நோட்டீஸ் என் கைக்குள் உருண்டையாகக் கிடக்கிறது.

1951 அக்டோபர் 5, வெள்ளி

போக மாட்டேன்.

1951 அக்டோபர் 7, ஞாயிறு

எதற்காகப் போகவேண்டும்? எழுதிவைக்கிறேன், கோபம் ஆறிவிடாமல் இருக்கட்டும்.

முப்பத்தாறில், மாசி மாதம், அந்தக் கம்பெனி மெட்ராசிலிருந்து வந்து எங்கள் கரைக்குக் கிழக்கே பாறையடியில் படம் பிடித்தது. கடலில் இறங்க ஆள் கேட்டார்கள். என் மாப்பிள்ளை சிலுவைதாசனும் அவர் தம்பி ததேயுசும் போனார்கள். மூன்றாம் நாள் கம்பெனி பெட்டி கட்டிப் போய்விட்டது. தம்பி மட்டும் வந்தான். "அண்ணன் அவங்க கூட மெட்ராசுக்குப் போயிட்டாரு மைனி" என்றான். அவ்வளவுதான். ஒரு சொல், ஒரு கடுதாசி கிடையாது.

அன்றிலிருந்து நான் சினிமாக்காரன் பெண்டாட்டி. பிள்ளை இல்லாததால் ஓடினான் என்றாள் ஒருத்தி. கதாநாயகி கூடக் குடித்தனம் நடத்துகிறான் என்றாள் இன்னொருத்தி. தாலியைக் கழற்றவும் முடியாது, கழற்றினால் செத்தான் என்று ஆகிவிடும். அவன்தான் சாகவில்லையே, ஓடினவனாயிற்றே. அழுதால் ஊருக்கு ருசி என்று சிரிக்கப் பழகினேன். இப்போது ஊரையே சிரிக்க வைக்கிறேன்.

அடுத்த வருசம் அந்தப் படம் நாகர்கோவிலுக்கு வந்தபோது நான் எட்டிப் பார்க்கவில்லை. ஓடினவன் மூஞ்சியைக் காசு கொடுத்தா பார்ப்பது?

இப்போது நாற்பத்திரண்டு வயசு. பார்த்தால் என்ன? காறித் துப்பிவிட்டு வரலாமே.

1951 அக்டோபர் 8, திங்கள்

முதல் ஆட்டத்துக்குக் கிரேசியோடு போனேன். சினிமா பாவம் என்று எங்கள் உபதேசியார் ஞாயிறுதோறும் சொல்கிறார். அந்த உபதேசியார் வேறு யாருமில்லை, என் கொழுந்தன் ததேயுஸ்தான். ஆகையால் இருட்டுகிற நேரத்தில் தலையில் முக்காடு போட்டு, நான்கு மைல் நடந்து, பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தோம். வாசலில் சீட்டுக் கிழிக்கிற பூங்கனி என் மீன்வாடையைப் பிடித்துவிட்டாள். "யக்கா, கருவாடு கொண்டாந்தியளா?" என்றாள். "நானேதான் கருவாடு மக்கா, வாங்குதியா?" என்றேன்.

படக் கதை: முத்துவதனி ஒரு கப்பல் வியாபாரி மகள். மாலுமி ஒருத்தன் மேல் ஆசை. அப்பன் எழுபது வயசுக் கிழவனுக்குப் பேசிவிட்டான். இவள் மாலுமியோடு ஓடத்தில் ஏறிவிட்டாள். பேச ஆரம்பித்தால் பாட்டு, பாட்டு முடிந்தால் பாட்டு. ஓடம் ஓட்டையாகித் தண்ணீர் ஏறும்போதுகூட மாலுமி பாடினான். "தண்ணிய எறைச்சு ஊத்துல, பொறவு பாடலாம்!" என்று கத்தினேன். பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது.

பிறகு புயல். இரண்டு பேரையும் ஓடம் தாங்காது. அவன் பிழைக்கட்டும் என்று அவள் கடலில் குதிக்கிறாள். தூரத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள், ஆள் விரல் அளவு தெரிகிறது. எழுந்து நின்று சிலுவை போட்டாள். நெற்றியில் விபூதி வைத்த செட்டியார் வீட்டுப் பெண்! சிலுவை போட்டு, விரலை முத்தமிட்டு, குனிந்து ஓடத்துக் கட்டையை மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் குதித்தாள். "ஏட்டி, கடலுக்குள்ள ஆளு இருக்கான்னு கதவு தட்டுதா பாரு" என்று கிரேசியிடம் சொன்னேன். பக்கத்தில் ஒரு கிழவி அழுதுகொண்டிருந்தவள் என்னை முறைத்தாள்.

நான் போன காரியம் நடக்கவில்லை. கூட்டத்தில் வந்த ஒவ்வொரு ஆம்பிளை மூஞ்சியாகத் தேடினேன். ராசா, மந்திரி, சுமைகாரன், தண்டு வலிக்கிறவன், ஒருத்தனும் அவனில்லை. ஓடினானே, ஒரு மூலையில் நிற்கிற வேசம்கூடவா கொடுக்கவில்லை? துப்புக் கெட்டவன்.

1951 அக்டோபர் 9, செவ்வாய்

விடியுமுன் மீன் ஏலத்துக்குக் கரைக்குப் போனேன். கட்டுமரம் தள்ளினார்கள். தள்ளினவர்கள் ஒவ்வொருவரும் நெற்றி, நெஞ்சு, தோள், தோள் என்று சிலுவை போட்டு விரலை முத்தினார்கள். தினம் பார்க்கிறதுதான்.

இன்று அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

அந்த மூன்று தட்டு. இங்கே ஒருத்தரும் தட்டுவதில்லை. ஒரே ஒரு ஆள்தான் தட்டுவான். "ஒண்ணு மாதாவுக்கு, ஒண்ணு கடலுக்கு, ஒண்ணு உனக்கு" என்பான். "எனக்குக் கட்டைதானா? தங்கத்துல தட்டும்" என்று நான் வம்பிழுப்பேன்.

நான் ஆம்பிளை மூஞ்சியைத் தேடினேன். பொம்பிளையைப் பார்க்கவேயில்லை.

ஏலம் எடுக்கவில்லை. சாயங்காலம் தனியாக மறுபடியும் போனேன். அவன்தான். அந்தத் தோள் எனக்குத் தெரியாதா? சேலை, நீளச் சடை, உள்ளே என் மாப்பிள்ளை. குதித்தான். ஒரு கை வெளியே வந்தது. இன்னொரு தடவை வந்தது. பிறகு அலை மட்டும். உடனே அந்த நடிகையின் படத்துக்கு மாலை போட்டுக் காட்டினார்கள்.

கொட்டகை முழுக்க மூக்கைச் சிந்துகிறது. யாருக்காக அழுகிறோம் என்று ஒருத்திக்கும் தெரியாது. எனக்கு அழுகை வரவில்லை.

1951 அக்டோபர் 10, புதன்

பகலில் கொட்டகைக்குப் போனேன். படம் ஓட்டுகிற பகவதியப்பன் தயங்கினான். "ஓடுற படத்த நிறுத்திக் காட்ட முடியாதம்மா, தீப்புடிச்சிரும்" என்றான். பிறகு என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அந்த ரீலை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தான். பூதக்கண்ணாடியும் கொடுத்தான். நகம் அகலத்தில் நூறு நூறு படங்கள். எல்லாவற்றிலும் சேலைக்குக் கீழே ஆம்பிளைக் கால். எத்தனை நாள் எண்ணெய் போட்டுத் தேய்த்த கால்.

"இதுக்குப் பொறவு மேல ஏறி வாறானா?" என்று கேட்டேன்.

அவன் விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். "இதுக்குப் பொறவு வெறும் தண்ணிதானம்மா" என்றான்.

1951 அக்டோபர் 11, வியாழன்

ததேயுஸ் கோயிலில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். வேறு யாருமில்லை.

"ஏலே, முத்துவதனி படம் பாத்தியா?"

"மைனி, கோயிலுக்குள்ள நின்னு சினிமாப் பேரு சொல்லாதீங்க."

"செரி, சொல்லல்ல. அதுல சேல உடுத்திக் குதிச்சது ஆருன்னு மட்டும் நீ சொல்லு."

குப்பி சரிந்தது. எண்ணெய் தரையெல்லாம் ஓடியது. அவன் அதைத் துடைக்கக் குனிந்தான், குனிந்தவன் எழும்பவேயில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சொன்னான்.

அந்த நடிகைக்குக் கடலைக் கண்டால் பயம். அவளுக்குப் பதில் குதிக்க மெலிந்த ஆள் வேண்டும் என்று கம்பெனிக்காரன் ததேயுசைத்தான் பிடித்தானாம். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயசு. சேலை உடுத்தமாட்டேன், ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள் என்று அழுதானாம். "அழாத மக்கா, தா இங்க. உன் மைனிகிட்ட மட்டும் சொல்லிராத, சாகுறது வரைக்கும் கேலி பண்ணுவா" என்று சொல்லி அண்ணன் வாங்கி உடுத்தினானாம். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டது. இவன் பின்னாலே குதித்துத் தேடியிருக்கிறான், கிடைக்கவில்லை. கம்பெனிக்காரன் ராவோடு ராவாகக் கிளம்பிப் போய்விட்டான்.

"அதுக்கு ஓடிட்டான்னு ஏம்ல சொன்ன?"

"ஒரு நாளைக்கு மட்டுந்தான் சொல்ல நெனச்சேன் மைனி. நாளைக்கு உள்ளதச் சொல்லிரலாம், நாளைக்குச் சொல்லிரலாம்னு..."

நான்காம் நாள் மேற்கே கொம்பன்துறையில் உடல் ஒதுங்கியிருக்கிறது. இவன் போய்ப் பார்த்தானாம். முகம் இல்லை. சேலையும் சடையும் பார்த்து யாரோ ஒரு பெண் என்று பாயில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். உனக்குத் தெரிந்த ஆளா என்று கேட்டார்கள். "அவ்வளவு ஆளுக்கு முன்ன, சேலையோட கெடக்குறது எங்க அண்ணன்னு எனக்குச் சொல்ல வரல்ல மைனி."

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அவர்கள் பொம்பிளை என்றே புதைத்துவிட்டார்கள்.

அவனை அடித்தேன். உபதேசியாரை, கோயிலுக்குள், துடைப்பத்தால். கணக்கில்லாமல் அடித்தேன். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை, அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பதினைந்து வருசம் நான் யாரைத் திட்டினேன்? தினம் காலையில் எழுந்து, பல் விளக்குமுன் யாரைத் திட்டினேன்?

1951 அக்டோபர் 12, வெள்ளி

பங்குச் சாமியாரிடம் போனேன். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். கடலில் செத்தவர்கள் பெயரை வருசவாரியாக வாசிப்பார்கள், பெயருக்கு ஒரு மணி அடிப்பார்கள். அதில் என் மாப்பிள்ளை பெயர் வரவேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஓடிப்போனவன் இல்லை என்று அந்த மணி சொன்னால் போதும்.

ஊர்த் தலைவர் ஏசுஅடிமை அங்கே இருந்தார். "தொழிலுக்குப் போயிச் செத்தவன் பேருதான் அதுல உண்டு. கூத்தாடிச் செத்தவனச் சேக்க முடியுமா?" என்றார்.

"நீ என்ன வேலையா வந்தேன்னு கேட்டுட்டா வே உப்புத்தண்ணி மூக்குல ஏறிச்சு?" என்றேன். சாமியார் தாடியைத் தடவிச் சிரிப்பை மறைத்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். சினிமாவில் கண்டதைச் சாட்சியாக எடுக்க முடியாதாம். நேரில் பார்த்த ஆள் ஊருக்கு முன்னால் சொல்லவேண்டுமாம்.

நேரில் பார்த்த ஆள் ஒருத்தன்தான்.

1951 அக்டோபர் 13, சனி

மாட்டேன் என்கிறான்! பெயரை மட்டும் யாருக்கும் தெரியாமல் எழுதிவிடுகிறேன், எப்படிச் செத்தான் என்று சொல்லச் சொல்லாதீர்கள் என்கிறான். "உபதேசியார் சொன்னது பதினைஞ்சு வருசப் பொய்யின்னு ஆனா, நான் பைபிளத் தூக்கிட்டு எப்படி நிக்க? அண்ணன் சேலை கட்டினான்னு பொடியனுவ பாட்டுக் கட்டுவானுவ மைனி."

"என்னைய வச்சுப் பாட்டுக் கட்டினப்போ உனக்குச் செவி அடைச்சிருந்தோ?"

கடைசியில் ஒரு புதுக் கதை விட்டான். ரொம்ப வருசமாகிவிட்டதாம், புயல் நேரமாம், தான் கண்டது சரியா என்று தனக்கே சந்தேகமாம், சத்தியம் பண்ணப் பயமாம்.

"செரிப்பா. நாளைக்குப் படத்துக்குக் கடைசி நாளு. வந்து பாரு. அது அவன் இல்லேன்னு உனக்குத் தோணினா நான் வாயத் தொறக்கமாட்டேன்" என்றேன்.

வருவானா? வராவிட்டால் நாளை மறுநாள் கோயில் வாசலில் நானே நின்று கூவுவேன். மீன் விற்கிற தொண்டை, நாலு ஊருக்குக் கேட்கும்.

1951 அக்டோபர் 14, ஞாயிறு

வந்தான். காலையில் சினிமா பாவம் என்று சொன்ன வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தான். ஆண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தான். அவனுக்கு முன்னால் பார்த்தால் எங்கள் ஊர்ப் பையன்கள் ஏழெட்டுப் பேர். அவர்களும் துண்டு போட்டுத் தலையை மூடியிருந்தார்கள். எல்லாம் காலையில் அவன் பிரசங்கம் கேட்ட தலைகள்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையில் ஒரு பாய்த் தட்டிதான். நான் படத்தைப் பார்க்கவில்லை, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். புயல் வந்தது. ஓடம் ஆடியது. இருபத்தாறாம் பாட்டு முடிந்தது. திரையில் அவன் எழுந்து நின்று சிலுவை போட்டான்.

"அண்ணே, குதிக்காத! அண்ணே, சேலைய அவுத்துப் போடு! அண்ணே!"

கொட்டகை திரும்பிப் பார்த்தது. ததேயுஸ் எழுந்து நிற்கிறான். துண்டு கீழே கிடக்கிறது. ஆட்களை மிதித்துக்கொண்டு திரையை நோக்கி ஓடுகிறான். "நான் உடுத்துதேன், என்கிட்ட தா!" என்று கத்துகிறான். யாரோ ஓடிவந்து பிடித்தார்கள். பகவதியப்பன் படத்தை நிறுத்தவில்லை, நிறுத்த முடியாதே. கை வந்தது. இன்னொரு தடவை வந்தது. ததேயுஸ் மணலில் விழுந்து கத்தின கத்தலில் எங்கள் ஊர்ப் பையன்களும் தலைத்துண்டை எடுத்துவிட்டார்கள்.

நான்கு மைலும் அவனை நடத்திக் கூட்டிவந்தேன். அவனை மன்னிக்கவில்லை. இருந்தாலும் வழியில் கல் இடறியபோது கையைப் பிடித்தேன்.

1951 அக்டோபர் 15, திங்கள்

நான் கூவவேண்டிய வேலையே இல்லை. விடியுமுன் ஊருக்கே தெரிந்துவிட்டது. ததேயுஸ் தானே கோயில் வாசலில் நின்று முதலிலிருந்து முடிவுவரை சொன்னான். சாமியார் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார்.

ஒருத்தன் பின்னால் நின்று, "சேலையில ஆளு அழகா இருந்தானா?" என்றான்.

"உன் பொண்டாட்டிய விட அழகுதான்" என்றேன். அவன் பெண்டாட்டியும் சிரித்தாள்.

1951 அக்டோபர் 18, வியாழன்

தாலி கழற்றினேன். பெண்கள் வந்து அழுதார்கள். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தீர்கள் இந்தக் கண்ணீரை? கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது.

1951 அக்டோபர் 21, ஞாயிறு

ததேயுசோடு கொம்பன்துறைக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, தாழம்புதர் பக்கம் என்று சொல்லியிருந்தான். ஒரு குப்பைமேடுதான் இருக்கும் என்று நினைத்துப் போனேன்.

போனால் திருவிழா மாதிரி இருக்கிறது! மணல்மேட்டுக்கு மேல் ஓலைப்பந்தல். மெழுகுதிரி. பட்டுச்சேலை நாலைந்து மடித்து வைத்திருக்கிறது. சின்னச் சின்ன மரத் தொட்டில்கள் கட்டித் தொங்குகின்றன. ஏழு மாதச் சூலி ஒருத்தி எனக்கு விளக்கம் சொன்னாள்: "இது கடலம்மை யக்கா. முந்தி ஒரு காலத்துல ஒதுங்கின புண்ணியவதி. பிள்ள இல்லாதவங்க சேல வச்சுக் கேட்டா அம்மை தருவா. எனக்கு ஆறு வருசம் கழிச்சுத் தந்தா."

ததேயுஸ் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு உச்சந்தலை கொதித்தது. யார் மாப்பிள்ளையை யார் அம்மை ஆக்குவது? மேலும் மேலும் சேலையா? அந்தச் சேலையாலே செத்தவனுக்கு! அத்தனையையும் வாரிக் கடலில் எறிந்து, இது ஆம்பிளை, எனக்குத் தாலி கட்டினவன், பெயர் சிலுவைதாசன் என்று கூவ வாயைத் திறந்தேன்.

அந்தப் பெண் வயிற்றைத் தடவிக்கொண்டே நிற்கிறாள். பயந்த முகம். இன்னும் இரண்டு மாதம் தாண்டவேண்டும் அவளுக்கு.

வாயை மூடினேன். எனக்கு ஏன் வாயடைத்தது? என்னையே செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது. வீடு வரைக்கும் ததேயுசைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

1951 அக்டோபர் 28, ஞாயிறு

ஏசுஅடிமை தலைவர் ஆள் அனுப்பினார்: பெயர் சேர்த்தாயிற்று. முப்பத்தாறாம் வருசம், மூன்றாவது பெயர். ததேயுசுக்கு ஒரு வருசம் உபதேசியார் வேலை கிடையாது, கோயில் முற்றத்தைத் துடைப்பத்தால் தூத்துவாரவேண்டும் என்று சாமியார் தீர்த்துவிட்டார். ஆனால் இந்த வருசப் பட்டியலை அவன்தான் வாசிக்கவேண்டுமாம்.

1951 நவம்பர் 2, வெள்ளி

காலைப் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் வாசித்தார்கள். முப்பத்தைந்தாம் வருசம் முடிந்தது. முப்பத்தாறு. முதல் பெயர், மணி. இரண்டாம் பெயர், மணி. ததேயுஸ் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். "சிலுவைதாசன். என் அண்ணன்" என்று வாசித்தான். 'என் அண்ணன்' என்று தாளில் இல்லை. மணி அடித்தது. கிரேசி என் கையை நெரித்துவிட்டாள். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

மத்தியானம் கொம்பன்துறை. ததேயுஸ் பெயர் வெட்டின சிலுவை ஒன்று தோளில் சுமந்து வந்தான். பந்தலில் நல்ல கூட்டம். தூரத்திலேயே நின்று, "நட்டுரட்டா மைனி?" என்று கேட்டான்.

"வேண்டாம். நம்ம கோயில்ல கொண்டு நடு."

"அப்போ இங்க?"

"இங்க அம்மையாவே இருக்கட்டும்."

அவன் சிலுவையை மறுபடி தோளில் தூக்கிக்கொண்டான்.

நான் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவள் புதுப்பெண். என் நரைத்த தலையைப் பார்த்தாள், வெறுங்கழுத்தைப் பார்த்தாள். "அம்மைட்ட என்ன கேக்கப் போறிய யக்கா?" என்றாள்.

"கேக்க ஒண்ணும் இல்ல மக்கா. கொஞ்சம் ஏச வந்தேன்."

அவள் பயந்துபோய் எனக்கு வழி விட்டாள். மெழுகுதிரி ஏற்றினேன். சுற்றிலும் சேலையும் தொட்டிலுமாகக் கிடந்தது. ஒருத்திக்கும் கேட்காமல் மண்ணுக்குக் கிட்டே குனிந்து ஏசினேன்:

"எனக்கு ஒண்ணு தரத் துப்பில்ல. ஊருக்கெல்லாம் குடுக்கீராக்கும்!"